புகார் கொடுக்காமலே உதவி கேட்கலாம்

அமெரிக்காவின் அரிசோனாவில் ரிசர்வேஷனில் (பழங்குடியினருக்கான தனி நிலப்பகுதி) இருக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளான உங்கள் தோழி, பழங்குடி உதவி மையம் மத்திய அரசு மானியத்தில் நடப்பதால் தன் பெயர் வெளியே போய்விடுமோ என்று பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்ட மானியம் வாங்கும் மையம், சட்டமோ நீதிமன்றமோ கட்டாயப்படுத்தினால் ஒழிய, உங்கள் தோழி எழுதிக் கொடுக்காமல் பெயரை யாருக்கும் சொல்லக் கூடாது, அரசுக்குப் போவது எத்தனை பேருக்கு உதவினோம் என்ற எண்ணிக்கைதான். கையெழுத்துக் கேட்டால் அந்தத் தாளில் யாரிடம், எதற்காக, எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நிரப்பாத படிவத்தில் போடவே வேண்டாம். மருத்துவமனையில் உடலிலிருந்து தடயம் சேகரிக்கும் பரிசோதனைக்குப் போலீஸ் புகாரும் வேண்டாம், காசும் வேண்டாம், ஆனால் நாள் ஆக ஆகத் தடயம் அழிந்துவிடும், அதனால் சீக்கிரம் போகட்டும். மருத்துவமனைக்குத் துணையாக வர மையத்தில் ஆள் கேளுங்கள். அப்புறம், ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அமெரிக்கப் பழங்குடியினருக்கான ஸ்ட்ராங்ஹார்ட்ஸ் நேட்டிவ் ஹெல்ப்லைன் என்ற தொலைபேசி உதவி இருக்கிறது, 24 மணி நேரமும் இலவசம்: 1-844-762-8483.