குளோரின் வாடை வராத நாளில்தான் கவனம் வேண்டும்

கேள்வி: எங்களுடையது சிறிய ஊர். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வரும். முதலில் மஞ்சளாக வந்து பிறகு தெளியும். சில நாள் மருந்து வாடை தூக்கலாக இருக்கிறது, சில நாள் அறவே இல்லை. சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தவர் மீட்டரில் டி.டி.எஸ். 480 என்று காட்டி, இதைக் குடிக்கவே கூடாது என்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மீட்டரை ஒதுக்கிவிடுவோம். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு. லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை ருசி நன்றாகவே இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிருமி இருக்கிறதா என்பது இந்த மீட்டருக்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீர்கூட 300 காட்டும். வியாபாரிக்கு அது வசதி, உங்களுக்கு அதனால் பயனில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது விட்டுவிட்டு வரும் விநியோகத்தைப் பற்றி. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். வால்வை மூடியதும் குழாய் காலியாகி உள்ளே உறிஞ்சும் நிலை வருகிறது. அப்போது இணைப்புகள் வழியாகச் சுற்றியுள்ள மண்ணின் ஈரம் உள்ளே போகும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதுவும் போகும். அடுத்த முறை திறக்கும்போது அதெல்லாம் முதல் தண்ணீரோடு வந்து சேரும். விநியோகக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுப்பவர்களும் இதே உறிஞ்சலைத்தான் உண்டாக்குகிறார்கள், கெடுவது தெருவுக்கே. ஆகவே முதல் தண்ணீரைத் தொட்டியில் விடாதீர்கள். நன்றாகத் தெளியும்வரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வையுங்கள். மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்புத் துருவும் குழாயில் படிந்த வண்டலும்தான். ஆனால் கலங்கலுக்குள் கிருமிகள் ஒளிந்துகொண்டால் குளோரின் அவற்றை எட்டாது.

நீங்கள் குறை சொல்லும் அந்த மருந்து வாடை உண்மையில் நல்ல அறிகுறி. நீரேற்று நிலையத்தில் போட்ட குளோரின் வழியில் கிருமிகளோடு மோதிச் செலவானதுபோக மிச்சம் இருக்கிறது என்று அதற்குப் பொருள். குழாய் முனையில் இந்த எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. 0.5 அளவில் இருந்தால் நிம்மதி. மூக்கை மட்டும் நம்பாமல் எஞ்சிய குளோரினை அளக்கும் டி.பி.டி. சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் குப்பியில் கோடுவரை பிடித்து, மாத்திரையைப் போட்டுக் கரைத்ததும் வரும் இளஞ்சிவப்பை அட்டையோடு ஒப்பிட வேண்டும். தாமதித்தால் நிறம் மாறித் தவறாகக் காட்டும். மஞ்சள் நிறம் தரும் பழைய ஓ.டி. திரவம் வேண்டாம், வீரியமுள்ள குளோரினையும் வீரியம் போன குளோரினையும் அது பிரித்துக் காட்டாது.

சோதனையைத் தெருக்குழாய் நேராக வரும் இடத்திலும் சமையலறைக் குழாயிலும் தனித்தனியே செய்யுங்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் சந்தேகம் உங்கள் தொட்டியின் மேல். தெருக்குழாயிலேயே இல்லையென்றால் தேதி, நேரத்தோடு குடிநீர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். இதை அற்பமாக நினைக்க வேண்டாம். கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணம் கிணற்றில் இறங்கியது. எஞ்சிய குளோரினை அன்றாடம் அளக்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதி வைத்திருந்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 7 பேர் இறந்தனர்.

தொட்டியைக் கழுவும் முறை: காலி செய்து, வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்து அலசுங்கள். பிறகு 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில், வாளித் தண்ணீரில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். 33 சதவீத வீரியமுள்ள புதிய பவுடருக்கான கணக்கு இது. திறந்து கிடந்த பழைய பொட்டலம் பாதி பலம்கூடத் தராது. வீட்டுக் குழாய்கள் ஒவ்வொன்றையும் வாடை வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். அந்தத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி, ஒருமுறை அலசிய பின்பே புழங்கலாம். ஆசிட்டையோ கழிப்பறைத் திரவத்தையோ இதோடு சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். ஆழமான தரைத்தொட்டிக்குள் தனியாளாக இறங்கவும் கூடாது.

குளோரின் இல்லாத நாளில் கொதிக்க வையுங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரைத் தாண்டிய மலையூரானால் மூன்று நிமிடம். அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். கொதித்த தண்ணீரில் காவலுக்குக் குளோரின் இல்லை. கைபட்ட டம்ளரை உள்ளே விட்டு மொண்டால் மறுபடி கெட்டுவிடும். குழாய் வைத்த பாத்திரமே நல்லது.

குழந்தை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் போகாது, ஆவியானதுபோக இன்னும் செறிவாகும். நைட்ரேட் அதிகமானால் புட்டிப்பால் குடிக்கும் சிசுவின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம்வரை தண்ணீரே தேவையில்லை. ஊர்த் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தால் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு நைட்ரேட் 50, ஃபுளோரைடு 1.5, ஆர்சனிக் 0.01 மில்லிகிராம் என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள். இவற்றில் ஒன்று மிஞ்சியிருந்தால் கரைந்திருப்பவற்றைச் சவ்வால் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. கருவி வாங்குவதில் அர்த்தமுண்டு. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டியையே பயன்படுத்துங்கள்; அதற்குள் இருக்கும் மருந்து குளோரினை முறிப்பதற்கானது, அலசிக் கொட்டிவிட வேண்டாம். பிடித்ததைப் பனிக்கட்டியோடு வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தெருவில் நாலைந்து வீட்டில் ஒரே சமயம் வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டால் முடிவு வரும்வரை காத்திராமல் அன்றே கொதிக்க வைக்கத் தொடங்குங்கள்.