அடங்கல் யார் பேருல இருக்கு?
டெல்டா விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலராக முப்பது வருஷம் வரப்பு வரப்பாக நடந்தவன் நான். ஓய்வு பெற்றபின் நீடாமங்கலம் பக்கம் ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலத்தில் சொந்தச் சாகுபடி. வேலையில் இருந்தபோது "இதைச் செய்யுங்க, அதைப் போடுங்க" என்று வாய் வலிக்காமல் சொல்லிவிட்டேன். அதன் கஷ்டம் இப்போதுதான் முதுகில் தெரிகிறது. வந்த கேள்விகளில் பாதி, பணம் ஏன் வரவில்லை என்பதுதான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கூத்தாநல்லூர் பக்கம், குத்தகைச் சாகுபடி செய்பவர்: அண்ணே, பதினைஞ்சு வருஷமா ஒரே வயல்ல நான்தான் உழுறேன். பி.எம். கிசான் பணம் மட்டும் சென்னையில இருக்கிற நிலக்காரருக்குப் போகுது. இது நியாயமா?

நியாயம் இல்லை தம்பி. ஆனால் திட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. 2019இல் ஆரம்பித்தபோது இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். சில மாதத்திலேயே அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் ஓய்வூதியம் வாங்குபவர் எல்லாம் சேர முடியாது. அதனால் எனக்கும் கிடையாது, அதில் வருத்தமும் இல்லை. குத்தகைதாரருக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை என்பதில்தான் வருத்தம்.

உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு வேறு. பயிர்க் காப்பீடும் கூட்டுறவுப் பயிர்க்கடனும் சாகுபடி செய்பவரைப் பார்க்கும். அதற்கு ஆதாரம் அடங்கல். அந்தப் பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு), அந்தச் சர்வே எண்ணில், யார் என்ன பயிர் வைத்தார் என்று வி.ஏ.ஓ. எழுதித் தருவது அது. உங்கள் பெயர் அதில் ஏறினால் காப்பீட்டில் நீங்கள் விவசாயி. ஏறவில்லையென்றால் வயலில் நிற்கும் ஆள், அவ்வளவுதான்.

1969ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாசில்தாரிடம் மனு கொடுத்துப் பதியலாம். பதிந்தால் நிலம் கை விட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் பயப்படுவார். பதியச் சொன்னால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று நீங்கள் பயப்படுவீர்கள். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் டெல்டாவின் வாய்மொழிக் குத்தகை ஓடிக்கொண்டிருக்கிறது. கோயில், மடத்து நிலம் என்றால் கொஞ்சம் சுலபம். குத்தகை கட்டிய ரசீதைத் தொலைக்காமல் வையுங்கள்.

வேதாரண்யம் பக்கத்துப் பெண்மணி: வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆச்சு. பட்டா மாமனார் பேருல கூட்டுப் பட்டாவா இருக்கு. எந்த ஆபீஸுக்குப் போனாலும் திருப்பி அனுப்புறாங்க.

அம்மா, முதலில் இரண்டு வாரிசுச் சான்று வேண்டும்: மாமனாருக்கு ஒன்று, உங்கள் கணவருக்கு ஒன்று. அப்புறம் பட்டா மாறுதல் மனு. கொழுந்தன், நாத்தனார் பங்கு பிரியாமல் இருந்தால் கூட்டுப் பட்டாவிலாவது உங்கள் பெயரை ஏற்றிவிடுங்கள். உட்பிரிவு பிறகு பார்த்துக்கொள்ளலாம். மே, ஜூனில் நடக்கும் ஜமாபந்தியில் (கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் வருடாந்திரக் கூட்டம்) மனு கொடுத்தால் பதிவேடும் அதிகாரியும் ஒரே இடத்தில் இருப்பார்கள், அலைச்சல் குறையும்.

பி.எம். கிசானில் 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலம் செல்லாது. இறப்பால் வாரிசுக்கு வந்த நிலம் செல்லும். "தேதி தாண்டிவிட்டது" என்று யாராவது சொன்னால் இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி, கடைமடை விவசாயி: வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுறேன். என் சம்பா முழுக்க மூழ்கி அழுகிடுச்சு. பைசா வரல. பக்கத்து கிராமத்துக்கு வந்திருக்கு. என்ன கணக்கு இது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கட்டுபவர்களில் பலருக்கு இதை யாரும் சொல்லவே இல்லை.

2016இல் வந்த இந்தக் காப்பீடு உங்கள் வயலைப் பார்ப்பதில்லை, உங்கள் வருவாய் கிராமத்தைப் பார்க்கிறது. கிராமத்தில் சில வயல்களைக் குலுக்கல் மாதிரி எடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, தூற்றி, எடை போடுவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது இதுதான். அந்தச் சராசரியை, கிராமத்தின் கடந்த ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷத்துச் சராசரியிலிருந்து எடுத்த ஒரு வரம்பு மகசூலோடு ஒப்பிடுவார்கள். உதாரணத்துக்கு, வரம்பு ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த வருஷம் 1,500 என்றால் குறைவு கால் பங்கு. காப்பீட்டுத் தொகையிலும் கால் பங்கு கிடைக்கும். மேட்டு வயல்காரர் நன்றாக அறுத்து, பள்ளத்தில் நீங்கள் மட்டும் மூழ்கினால், அவருடைய நல்ல மகசூல் உங்கள் இழப்பைச் சாப்பிட்டுவிடும். பக்கத்து கிராமத்துக்கு வந்து உங்களுக்கு வராததன் ரகசியம் இவ்வளவுதான்.

தனி வயல் இழப்பைப் பார்க்கும் ஒரு பிரிவும் திட்டத்தில் உண்டு. ஆனால் நீரில் நிற்கும் பயிர்தானே என்று 2018இல் நெல்லுக்கு மூழ்குதலை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். கழுத்தளவு தண்ணீரில் பத்து நாள் கிடந்தால் நெல் அழுகாது என்று எந்த ஊரில் பார்த்தார்களோ! அதை 2026 காரிப் பருவத்திலிருந்து (ஜூனில் தொடங்கும் சாகுபடி) மறுபடி சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. இனி மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், வயலின் படத்தோடு. அறுத்துக் களத்தில் காயும் நெல்லுக்கும் 14 நாள் பாதுகாப்பு உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

விவசாயி பங்கு சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், ஏக்கருக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். கட்டுங்கள். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். 14ஆம் தேதி இரவு இ-சேவை மையத்து வாசலில் நிற்காதீர்கள். பணம் கட்டிய ரசீதில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் அங்கேயே படித்துப் பாருங்கள். தப்பான கிராமத்தில் பதிந்து இழப்பீட்டை இழந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பேரிடர் நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால், பாசனப் பயிருக்கு 2022-26க்கான பேரிடர் நிதி விதிப்படி ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு ஹெக்டேருக்கு. ஒன்று வாங்கினால் மற்றொன்று கிடையாது என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம்.

பாபநாசம், இளைஞர்: தள்ளுபடி வரும்னு எல்லாரும் சொல்றாங்க. சொசைட்டிக் கடனை இப்ப கட்டணுமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

தம்பி, கட்டிவிடுங்கள்.

ஏன் பொறுக்கத் தோன்றுகிறது என்பது புரிகிறது. 2006இல் தள்ளுபடி, 2016இல் சிறு குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடி, 2021இல் 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி. 2021இல் ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடன்தான் தள்ளுபடி ஆனது. எங்கள் தெருவில் ஒருவர் தவணை தவறக் கூடாது என்று பொங்கலுக்கு முந்தின வாரம் இரண்டு கன்றுக்குட்டியை விற்றுக் கட்டினார். அடுத்த மாதம் அறிவிப்பு வந்தபோது அவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதை இங்கே எழுத முடியாது.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உரிய காலத்தில் கட்டினால் வட்டியே கிடையாது. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டில் 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4. தவணை தவறினால் அடுத்த போகத்துக்குக் கடன் நின்றுபோகும். அப்போது நாற்றங்கால் போட நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடைக்கு ஓட வேண்டும், அல்லது நெல் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கு அளக்க வேண்டும். வராத தள்ளுபடிக்காக இரண்டு போகம் இப்படி ஓட்டியவரின் நஷ்டத்தை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

என் சொந்த அபிப்பிராயம்: தள்ளுபடிக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு வடிகாலுக்கும் களத்துக்கும் போயிருந்தால் டெல்டாவுக்குப் பெரிய உதவி. தண்ணீர் வரும் வழியைத் தூர்வாரிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். போகும் வழியில் வெங்காயத்தாமரை கெட்டியாகக் கிடக்கிறது.

மன்னார்குடி பக்கத்து விவசாயி: எங்க பக்கத்து ஒரு கொள்முதல் நிலையத்துல மூட்டைக்கு 40 ரூபா கேக்குறாங்க. குடுக்கலைன்னா ஈரம்னு ஒதுக்குறாங்க. அரசு விலை எவ்வளவுன்னு தெளிவா சொல்லுங்க ஐயா.

2025-26க்கு ஒன்றிய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்குச் சாதா ரகம் 2,369, சன்ன ரகம் 2,389. மாநில ஊக்கத்தொகை 131, 156. ஆகமொத்தம் 2,500, 2,545. அங்கே மூட்டை 40 கிலோ, அதனால் சாதா ரகம் மூட்டைக்குச் சரியாக 1,000 ரூபாய்.

இப்போது அந்த 40 ரூபாயைக் கவனியுங்கள். மாநில ஊக்கத்தொகை மூட்டைக்கு 52 ரூபாய் 40 காசு. அதில் 40 வாசலிலேயே போய்விடுகிறது. சட்டசபையில் அறிவித்த தொகையில் உங்கள் கையில் மிஞ்சுவது பன்னிரண்டு ரூபாய்ச் சொச்சம். சுமை தூக்குபவர் கூலியை நிர்வாகமே தருகிறது, விவசாயி தர வேண்டியது எதுவும் இல்லை. தனியாகச் சண்டை போட்டால் உங்கள் நெல்தான் கடைசியில் நிற்கும். நாலைந்து பேராகச் சேர்ந்து, தேதி, மூட்டை எண்ணிக்கை எழுதி, கலெக்டரின் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.

ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. அக்டோபர் மழையில் குறுவை அறுத்தால் அது எந்தத் தார்ச்சாலையில் காயவைத்தாலும் இறங்காது. ஒவ்வொரு வருஷமும் 22 வரை தளர்த்தச் சொல்லி டில்லிக்குக் கடிதம் போகும், குழு வரும், அதற்குள் நெல் முளைத்துவிடும். 2025 அக்டோபரில் எல்லாரும் பார்த்ததுதான்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: சார், நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கு 18 சதவீதம்தான். அப்படியிருக்க இவ்வளவு மானியம் எதற்கு என்று எங்கள் வகுப்பில் விவாதம் வந்தது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நல்ல கேள்வி பாப்பா. அந்த 18ஐத் தனியாகப் பார்க்காமல், வேலை செய்பவர்களில் ஏறக்குறைய 46 சதவீதம் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான வருமானத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கையில் காசு இல்லையென்றால் தொழிற்சாலையில் செய்கிற துணியையும் பைக்கையும் யார் வாங்குவது? மேட்டூர் திறந்து முதல் போகம் கைக்கு வந்த வருஷத்தில் மன்னார்குடிக் கடைத்தெருவில் தீபாவளிக்கு நின்று பார், தண்ணீர் வராத வருஷத்திலும் நின்று பார். எந்தப் புத்தகத்தையும்விட அது தெளிவாகச் சொல்லும். 2020-21இல் ஊரடங்கில் நாட்டின் மொத்த வருமானமே சுருங்கியபோது விவசாயம் வளர்ந்தது. அந்த வருஷம்தான் எட்டு வருஷம் கழித்து மேட்டூர் அணையும் வழக்கமான நாளான ஜூன் 12இல் திறந்தது.

மானியம் முழுக்க விவசாயிக்குத்தான் என்பதும் சரியில்லை. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. உண்மையான விலை அதைப்போலப் பல மடங்கு. அந்த வித்தியாசம் உர நிறுவனத்துக்குப் போகிறது, பலன் கடைசியில் மலிவான அரிசியாக நகரத்துக்கும் போகிறது. ரேஷன் அரிசி எந்த வயலில் விளைகிறது என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பார்.

ஆதார விலை செலவைப் போல ஒன்றரை மடங்கு என்பார்கள். கணக்கு சரிதான்: 2025-26இல் குவிண்டாலுக்கு 1,579 செலவு, ஒன்றரை மடங்கு 2,369. ஆனால் அந்தச் செலவில் கைச்செலவும் குடும்ப உழைப்பும்தான் இருக்கின்றன. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் சேர்ந்த முழுச் செலவின்மேல்தான் எம்.எஸ். சுவாமிநாதன் குழுவின் ஒன்றரை மடங்கைக் கேட்டு விவசாயிகள் இன்னும் போராடுகிறார்கள். அந்த 1,579ம் நாடு முழுவதற்குமான சராசரி. நம்மூர் நடவுக் கூலிக்கு அது தெரியாது.

குடவாசல்: நடவுக்கு ஆள் கிடைக்கல. மிஷின் நடவுக்கு உதவி உண்டா?

2024இல் அரசின் குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் ஏக்கருக்கு 4,000 ரூபாய் கொடுத்தார்கள். தொகுப்பு ஒவ்வொரு வருஷமும் மாறும், ஜூன் ஆரம்பத்தில் வட்டார விரிவாக்க மையத்தில் கேளுங்கள். மிஷினுக்கு ஏற்றபடி பாய்போல வளர்க்கும் பாய் நாற்றங்காலை யார் போட்டுத் தருவார் என்பதை முதலில் பேசி முடியுங்கள். மிஷின் வந்து நிற்கும், நாற்று இருக்காது.

ஒரத்தநாடு: சொட்டுநீர் மானியம் எனக்குக் கிடைக்குமா? நாலு ஏக்கர், போர் இருக்கு.

ஐந்து ஏக்கருக்குள் என்பதால் நீங்கள் சிறு விவசாயி, நூறு சதவீதம் உண்டு. தாசில்தாரிடம் சிறு குறு விவசாயி சான்று வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு 75.

வலங்கைமான்: விவசாயிங்க எல்லாரும் தனி அடையாள எண் வாங்கணும்னு சொல்றாங்களே, நிலத்தைப் பிடுங்கிடுவாங்களா?

பிடுங்க மாட்டார்கள். பட்டா, ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி மூன்றையும் கொண்டுபோனால் பொதுச் சேவை மையத்தில் இலவசமாகப் பதிவு செய்வார்கள். பெயர் பட்டாவில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருந்தால் அங்கேயே சிக்கும். "ரா"வுக்கு "ற" போட்ட பட்டா எத்தனை தெரியுமா? என்னுடையதே அப்படித்தான். திருத்த மனு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது.