‘சிவியை மேலே போட்டுத் தாறன்’ என்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்

கேள்வி: விசுவமடுவில் இருக்கிறேன். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படித்து, ஆறு மாதக் கணினிப் பயிற்சியும் முடித்தேன். வேலைவாய்ப்புத் தளங்களில் நிறைய விண்ணப்பித்தும் ஒரு பதிலும் இல்லை. பரந்தனில் ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். என் சிவியைத் தளத்தில் ‘மேலே’ போட்டு இன்டர்வியூ எடுத்துத் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. டொப்ஜொப்ஸ், எக்ஸ்பிரஸ்ஜொப்ஸ் போன்ற தளங்களுக்குக் காசு கட்டுவது ஆள் தேடும் நிறுவனம்தான், வேலை தேடுகிறவர் அல்ல. உங்களை மேலே ஏற்றிவிட அந்த மனிதரிடம் எந்தப் பொத்தானும் கிடையாது. நீங்கள் உங்கள் போனில் செய்ததையே அவர் தன் போனில் செய்யப்போகிறார், அவ்வளவுதான். இந்த ஆட்கள் காசோடும் நிற்பதில்லை. அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், வங்கிப் புத்தகமும், சான்றிதழ்களின் மூலப் பிரதியும் கேட்பார்கள். பிறகு, ‘போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்கோ’ என்பார்கள். சொன்னால் கணக்கில் இருப்பதும் போய்விடும். மூலச் சான்றிதழை அடகு மாதிரிப் பிடித்துக்கொண்டு மிச்சக் காசு கேட்கிறவர்களும் உண்டு. எந்தத் தளத்துக்கும் மூலப் பிரதி தேவையில்லை.

சரி, பதில் ஏன் வரவில்லை? நான் முதலில் கேட்பது, உங்கள் மின்னஞ்சலைத் திறந்து தந்தது யார் என்பதைத்தான். அனேகமாகக் கொமினிகேஷன் கடைப் பொடியனாக இருக்கும். கடவுச்சொல் அவனிடம், முகவரி மட்டும் உங்களிடம். ‘செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாருங்கள்’ என்று நிறுவனம் அனுப்பிய கடிதம் ஒருவரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். இன்றைக்கே உங்கள் போனில் புதிதாக ஒன்று திறந்து, எல்லாத் தளத்திலும் பழைய முகவரியை எடுத்துவிட்டு அதையே போடுங்கள். ஸ்பாம் பெட்டியையும் தினமும் பாருங்கள். சிவியில் உள்ள இலக்கம் இப்போது பாவிக்கிற சிம்தானா? ரீலோட் மலிவு என்று சிம் மாற்றிவிட்டுச் சிவியை மாற்ற மறந்தவர்கள் எங்கள் பக்கம் ஏராளம்.

அடுத்தது தேடுகிற விதம். இடம் என்ற கட்டத்தில் முல்லைத்தீவு என்று மட்டும் போட்டால் திரை வெறுமையாகத்தான் இருக்கும். கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம், அனுராதபுரம் எல்லாவற்றையும் போடுங்கள். கொழும்பையும் விடாதீர்கள். லீசிங் கம்பனிகளும் வங்கிகளும் தலைமை அலுவலக முகவரியைப் போட்டுவிட்டு, ‘வடக்கிலும் வெற்றிடம்’ என்று உள்ளே எழுதுவதுண்டு. டொப்ஜொப்ஸில் பல விளம்பரங்கள் படமாகவே ஏற்றப்பட்டிருக்கும். படத்துக்குள் உள்ள ஊர்ப்பெயர் தேடலில் அகப்படாமல் போகலாம். கணக்கியல் பிரிவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.

சிவி இரண்டு பக்கத்துக்குள், பிடிஎஃப் ஆக இருக்கட்டும். போனில் பிடித்த படம் வேண்டாம். தகப்பனார் பெயர், சமயம், கிராம அலுவலர் பிரிவு எதுவும் தனியார் வேலைக்குத் தேவையில்லை.

அரச வேலை என்றால் இந்தத் தளங்களை நம்பி இருக்காதீர்கள். அரச வேலை அறிவித்தல்கள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியை அரச இணையத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் பதியுங்கள், காசு இல்லை. ஆனால் பதிந்துவிட்டு வீட்டில் காத்திருக்க வேண்டாம். ‘தரவு எடுக்கிறோம்’ என்று எங்கள் பிள்ளைகளிடம் வாங்கிய படிவங்களை அடுக்கி வைக்கவே நாலு பேருக்கு வேலை கொடுத்திருக்கலாம்.

காசு கேட்டாலே கள்ளன் என்று சொல்ல முடியாத இடம் ஒன்று இருக்கிறது: வெளிநாட்டு வேலை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள முகவர், பணியகம் ஒத்துக்கொண்ட கட்டணத்தை வாங்கலாம். ஆனால் இந்த மூன்று விஷயத்தையும் பாருங்கள். முகவரின் பெயர் பணியகத்தின் இணையத்தளப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த முகவருக்கு அனுமதி இருப்பது மட்டும் போதாது, அவர் சொல்லும் அந்த வேலைக்கும் பணியகத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். காசுக்கு நிறுவனத்தின் பெயரில் பற்றுச்சீட்டு வேண்டும், வட்ஸ்அப்பில் ‘கிடைத்தது’ என்று வரும் செய்தி பற்றுச்சீட்டு அல்ல. ‘நான் அந்த ஏஜென்சியின் ஆள்’ என்று ஊருக்குள் திரிகிறவர் முகவர் அல்ல. அவர் கையில் காசோ பாஸ்போர்ட்டோ கொடுக்காதீர்கள், நேரே அலுவலகத்துக்குப் போங்கள்.

உங்களைப் போலக் கணினி தெரிந்த பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவதி இணைய மோசடி முகாம்களில் இலங்கையரை அடைத்து வைத்தார்கள். ‘இப்போதைக்கு விசிட் விசாவில் போங்கோ, அங்கே மாத்தலாம்’ என்று ஒருவர் வாயைத் திறந்தால் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து முகவரின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள். லைன் கிடைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தாலும் விடாமல் எடுங்கள்.