உங்களுக்கு ஊக்கம் தந்த வழிகாட்டி யார்? வெற்றிக்கு அவரிடம் கற்ற பாடம் என்ன?

கேள்விக்குக் கீழே நீங்கள் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். எதைத் தொடங்கினாலும் இரண்டு வாரத்தில் ஆர்வம் வற்றிவிடுகிறது, ஊக்கமூட்டும் பேச்சு எதையாவது கேட்டால் அன்றைக்கு மட்டும் வேகம் வருகிறது, மறுநாள் பழைய கதைதான் என்று. அந்த இரண்டு வரிதான் என்னை எழுத வைத்தது. பத்தொன்பது வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். உங்களுக்கும் ஏறக்குறைய அந்த வயது என்றும், நீங்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லை என்றும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நிறுவனம் தொடங்கியவன் கிடையாது, மேடையில் பேசுகிறவனும் கிடையாது. இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத் இயந்திரத்தின் ஆபரேட்டராக ஆரம்பித்து, இப்போது ஒரு இயந்திரப் பட்டறையில் பத்துப் பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். "இதெல்லாம் ஒரு வெற்றியா" என்று சிலர் கேட்கலாம். என் கை பட்டுப் போன வேலை குறை என்று திரும்பி வருவது அபூர்வம். அதை நான் வெற்றி என்றுதான் சொல்வேன். அந்த இடத்துக்கு என்னைக் கொண்டுவந்தவர் என் முதல் ஃபோர்மேன். எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். தனியாக ஒரு ஜாப் கொடுத்தார். ஆறு ஷாஃப்ட், அதாவது இயந்திரத்தில் சுழலும் உருளைத் தண்டு. ஒவ்வொன்றிலும், அதைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் உட்காரும் இடத்தில் விட்டம் 60 மில்லிமீட்டர். டிராயிங்கில் 60.002-க்குக் குறையக்கூடாது, 60.021-ஐத் தாண்டக்கூடாது என்று இருந்தது. அதாவது 19 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்க வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமனே எழுபது மைக்ரான் வாக்கில் இருக்கும், அப்படியென்றால் இது எவ்வளவு சின்ன இடைவெளி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் யாரோ ஒருவரின் பேச்சைக் கேட்டு, இனி எதிலும் முதலிடம் என்று நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். வேகமாக முடித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. கடைசிச் சீவலான ஃபினிஷ் கட் முடிந்த கையோடு, ஷாஃப்ட் லேத்தின் பிடியில் (சக்கில்) இருக்கும்போதே, நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைப் போட்டு அளந்தேன். 60.015. அடுத்தது 60.014. ஆறும் கச்சிதம். மதியத்துக்குள் முடித்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, அண்ணன் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்ஷனில் அளந்தார்கள். 59.987. அடுத்தது 59.986. ஆறும் ரிஜெக்ட்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடையும்போது எஃகு சூடாகும், சூடானால் விரியும். ஒரு மீட்டர் நீள எஃகு, ஒரு டிகிரி சூடு ஏறினால் 11 அல்லது 12 மைக்ரான் நீளும். 60 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 40 டிகிரி கூடுதல் சூடு என்றால் கிட்டத்தட்ட 28 மைக்ரான் வந்துவிடும். நான் அளந்தது சூட்டில் ஊதியிருந்த அளவு. ஆறியதும் சுருங்கி, குறைந்தபட்ச அளவுக்கும் கீழே 15 மைக்ரான் போய்விட்டது. இப்படிப்பட்ட ஷாஃப்டில் பேரிங்கை ஏற்றினால் பிடிப்பு இருக்காது, உள்வளையம் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றும். பெரிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடையலாம். கடைந்து எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

மேலாளர் வந்தார். ஆறு ஷாஃப்டையும் பார்த்தார், "யார் பண்ணியது?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணன் முன்னால் வந்து, "என் பொறுப்பில் நடந்தது சார். நான் கூட நின்று பார்த்திருக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான். என் பெயர் அந்தப் பேச்சில் வரவே இல்லை. மேலாளர் அவரைத்தான் திட்டினார், எல்லார் முன்னாலும்.

இதில் முக்கியமான ஒன்று உண்டு. சூடாக அளக்கக்கூடாது என்று அண்ணன் எனக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார். சொல்லித் தரவில்லை என்று பழி போடும் இடத்தில் நான் இல்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். மேலாளர் போனபின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நான் சொன்னதைக் காதில் வாங்கினாய், கையில் வாங்கவில்லை. வா" என்றார்.

ரிஜெக்ட் ஆன ஷாஃப்டில் ஒன்றை எடுத்து, சுடுதண்ணீரில் போட்டு வைத்தார். பிறகு வெளியே எடுத்துத் துடைத்து, பெஞ்சில் வைத்து, மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அளந்து தாளில் எழுதச் சொன்னார். 60.014. அடுத்து 60.008. அடுத்து 60.002. பிறகு 59.997. ஒவ்வொரு தடவையும் மைக்ரோமீட்டரின் திருகு பிடியை (திம்பிளை) திருகும்போது, கொஞ்சம் முன்பு முட்டி நின்ற இடத்தைத் தாண்டி அது உள்ளே போவது விரலுக்குத் தெரிந்தது. கண் முன்னால் அந்த இரும்பு சுருங்கிக்கொண்டிருந்தது. சில மணி நேரம் கழித்து 59.987-ல் வந்து நின்றது. அதுவரை அவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் புது இரும்பில் அதே ஆறு ஷாஃப்ட் வேலையை மறுபடி எனக்கே கொடுத்தார். வேறு ஆளிடம் கொடுத்திருந்தால் நான் இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்வேன். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் ஆறவிட்டு அளந்தேன். இரண்டு நாள் ஆனது. ஆறும் தேறியது. அன்றைக்கு வந்த உற்சாகம், நோட்டில் பெரிய எழுத்தில் எழுதியபோது வந்தது மாதிரி இரண்டு வாரத்தில் வற்றவில்லை.

ஏன் என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதியது ஒன்று உண்டு. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை மனிதனுக்கு நான்கு வழியில் வருகிறது என்கிறார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் வாயால் கேட்கும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை. இதில் வலுவானது முதலாவது. வாய்வார்த்தை அந்த அளவுக்கு ஊன்றி நிற்காது. நீங்கள் கேட்கும் பேச்சு ஏன் மறுநாள் நிற்பதில்லை என்பதற்கு இதுதான் விடை என்று எனக்குத் தோன்றுகிறது. குறை உங்களிடம் இல்லை. அந்தப் பேச்சாளர்களையும் நான் குறை சொல்லவில்லை, சிலருக்கு அது தொடக்கம் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் யாரும் உங்கள் ஷாஃப்டை அளந்து பார்க்கப்போவதில்லை.

பழியைத் தான் ஏற்றுக்கொண்ட அந்தச் செயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்துல் கலாம் பலமுறை சொன்ன நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநர் கலாம். ஆனால் பத்திரிகையாளர் முன்னால் போய் உட்கார்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு 1980 ஜூலை 18-ல் அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்கு, "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பிவிட்டார் தவான். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அண்ணன் முகம்தான் வந்தது. ராக்கெட்டையும் ஆறு ஷாஃப்டையும் ஒப்பிடுகிறான் என்று யாராவது சொல்வீர்கள். அளவு வேறுதான். கீழே இருக்கிறவனுக்கு மறுபடி முயற்சி செய்யும் தைரியம் எங்கிருந்து வருகிறது என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

எல்லா வழிகாட்டியும் இப்படி இருக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஓய்வு பெற்றபின் நான் வேறு இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு சூப்பர்வைசர் ஆரம்பத்தில் நிறையக் கற்றுக்கொடுத்தார். எனக்கு வேலை பிடிபட்டு மற்றவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்ததும் மனிதர் மாறிவிட்டார். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயருக்கு எதிராக எழுதியது அவர்தான் என்று பின்னால் தெரிந்தது. மிகவும் வலித்தது. பெரிய விஞ்ஞானிகளுக்கும் இப்படி நடந்திருக்கிறது. மின்சார ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடே, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய பையன். 1812-ல் வேதியியல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, பைண்டு செய்து அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு டேவி அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அதே டேவிதான் பின்னால், இங்கிலாந்தின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு ஃபாரடே தேர்ந்தெடுக்கப்படுவதை எதிர்த்தார். அப்புறம் 1824-ல் ஃபாரடே தேர்வானார் என்பது வேறு விஷயம். கைதூக்கி விட்டவரே காலையும் வாரலாம். அதனால் கற்றது பொய்யாகிவிடாது. அந்த சூப்பர்வைசரிடம் கற்ற த்ரெட் கட்டிங்கை, அதாவது திருகுமரை வெட்டுவதை, இன்றும் அப்படியேதான் செய்கிறேன்.

      

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அண்ணன் எனக்கு ஒரு நோட்டு போட வைத்தார். கெட்டுப்போன ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு பக்கம். தேதி, என்ன வேலை, என்ன ஆனது. கடைசியாக ஒரு கேள்வி: அதைச் செய்யும்போது நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? முதல் பக்கத்தில் "அளந்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று நினைத்தேன்" என்று எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்து, "முழுசாக எழுது" என்று திருப்பிக் கொடுத்தார். "சீக்கிரம் முடித்தால் பெரிய ஆள் என்று நினைப்பார்கள் என்று நினைத்தேன்" என்று எழுதியபிறகுதான் விட்டார். இன்றும் அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. போன மாதமும் ஒரு பக்கம் எழுதினேன்.

நீங்கள் பாதியில் விட்டவற்றுக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆர்வம் போனது என்று எழுதாதீர்கள். கடைசியாக உட்கார்ந்த நாளில் எந்த இடத்தில் சிக்கியது, அப்போது மனதில் என்ன ஓடியது என்று எழுதுங்கள். எழுதியதை, அந்த வேலையைத் தினமும் செய்கிற ஒருவரிடம் காட்டுங்கள். பெரிய பெயர் வேண்டாம், உங்களைவிட நான்கைந்து வருடம் முன்னால் இருக்கிறவர் போதும். "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று போய் நின்றால் பெரும்பாலானவர்கள் நழுவிவிடுவார்கள். "இதில் எங்கே தப்பு என்று பாருங்கள்" என்று செய்ததைக் கையில் கொண்டுபோனால், குனிந்து பார்க்காமல் இருக்க அவர்களால் முடியாது. என் அனுபவத்தில் இது தவறியது ரொம்பக் குறைவு.

நீங்கள் எந்தத் துறை என்று குறிப்பிடவில்லை. கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். இயந்திர வேலை என்றால் விவரமாகவே பேசலாம், வேறு ஏதாவது என்றாலும் யாரிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று சேர்ந்து யோசிப்போம். வேலை முடிந்து இரவில்தான் பார்ப்பேன், பதில் கொஞ்சம் தாமதமாக வரும்.