கண்ணாடி ஒட்டியபின் கைரேகை ஏற்கப்படவில்லை

கைப்பேசித் திரையில் டெம்பர்ட் கிளாஸ் (பாதுகாப்புக் கண்ணாடி) ஒட்டியபின் கைரேகை வைத்தும் திறக்கவில்லை என்றால், பழைய கைரேகைப் பதிவை அமைப்புகளில் அழித்துவிட்டு, அந்தக் கண்ணாடி இருக்கும் நிலையிலேயே அதே விரலை மறுபடி பதிவு செய்யுங்கள். கைப்பேசியைத் திறக்கும்போது உண்மையில் படுகிற விரலின் ஓரங்களும் பதிய வேண்டும்.

கண்ணாடி ஒட்டிய நாளிலிருந்துதான் சிக்கல் என்றால், காரணம் பெரும்பாலும் அதுவே. திரைக்கடியில் உள்ள ஒளிவழிச் சென்சார் திரையின் வெளிச்சத்தில் விரலைப் படம்பிடிப்பதால், மறுபதிவே பல நேரங்களில் போதும். ஒலி அலைகளால் விரலை உணரும் மீயொலிச் சென்சாரிலோ, கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே காற்று தங்கினால் அந்த அலைகள் விரலைச் சரியாக எட்டுவதில்லை.

மறுபதிவும் பலிக்காவிட்டால், கண்ணாடியை அகற்றிச் சோதித்துப் பாருங்கள். அப்போது திறந்தால் சென்சாரில் பழுதில்லை. அந்த மாடலுக்குப் பொருந்தும் மெல்லிய படலத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

பதிவை அழிக்குமுன், கைப்பேசியைத் திறக்கும் PIN எண் நினைவிலிருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கைப்பேசியை அணைத்து மீண்டும் போட்டால் முதலில் அதைத்தான் கேட்கும்.