காப்புரிமைக்கு முன் எங்கே தேடுவது, யாரைக் கேட்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தேடலைப் பற்றியவை, அதாவது காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பிக்கும் முன் அதே கண்டுபிடிப்பு ஏற்கனவே எங்காவது வெளிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. எனக்கு அதில் உண்மையிலேயே சந்தோஷம். பல வருடமாகக் காப்புரிமைத் தேடல் வேலை செய்கிறேன், விண்ணப்பத்தில் கொட்டிய பணமும் உழைப்பும் வீணாகிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பலர் முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒழுங்காகத் தேடியிருந்தால் தப்பித்திருப்பார்கள்.

கேள்வி: விரித்தால் இருக்கையாகிற ஊன்றுகோல் ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். கூகுளில் இரண்டு நாள் தேடியும் இதுபோல எதுவும் விற்பனையில் இல்லை. அப்படியானால் இது புதிதுதானே?

இல்லை, அப்படிச் சொல்லிவிட முடியாது. நீங்கள் தேடியது கடைகளில். காப்புரிமை பெற்ற பொருள்களில் ஏராளமானவை கடைக்கு வந்ததே கிடையாது, ஆனால் அவற்றின் ஆவணங்கள் அப்படியே இருக்கின்றன, உங்கள் விண்ணப்பத்தைச் சோதிக்கும் அதிகாரி பார்க்கப்போவதும் அவற்றைத்தான்.

தேட வேண்டிய இடங்கள் நான்கு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ், அப்புறம் தி லென்ஸ். தேடுவதற்கும் படிப்பதற்கும் காசு கிடையாது. தொடங்குவதற்குக் கூகுள் பேட்டன்ட்ஸ் எளிது, ஆழமாகப் போக நான் எஸ்பாஸ்நெட்டைத்தான் திறப்பேன்.

இனிதான் முக்கியமான விஷயம். சொல்லை மட்டும் நம்பித் தேடாதீர்கள். காப்புரிமை எழுதுகிறவர்கள் பொருளை அதன் வீட்டுப் பெயரில் அழைப்பது குறைவு, நாற்காலி என்று நீங்கள் நினைப்பதை "உடலைத் தாங்கும் அமைப்பு" என்று எழுதியிருப்பார்கள். அதனால்தான் வகைப்பாடு என்று ஒன்று இருக்கிறது. சர்வதேச வகைப்பாட்டை ஐபிசி என்பார்கள், அதையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்து ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் 2013 முதல் சேர்ந்து நடத்துவது சிபிசி, அதில் ஏறக்குறைய 2,50,000 உட்பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் பொருளை எடுத்துக்கொள்வோம். நீங்கள் இருக்கை என்று நினைத்து ஏ47சி என்ற நாற்காலிப் பிரிவில் நாள் முழுக்கத் தேடலாம், ஆனால் ஊன்றுகோல்களும் குடைகளும் இருக்கும் ஏ45பி பிரிவுக்குப் போனால் 5/00 என்ற எண்ணில் "இருக்கையாக மாற்றக்கூடிய ஊன்றுகோல்கள், குடைகள்" என்றே ஒரு தனி வகுப்பு இருக்கிறது. ஒரு வகுப்பே ஒதுக்கும் அளவுக்கு ஆட்கள் இதை யோசித்திருக்கிறார்கள்! நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கான கருவிகள் என்று ஏ61எச் 3/00 வேறு. இந்த மூன்றையும் பார்க்காமல் தேடல் முடியாது.

வகுப்பு எண் தெரியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: தோன்றிய சொற்களைப் போட்டு, ஓரளவு பொருந்துகிற இரண்டு மூன்று ஆவணங்களைப் பிடியுங்கள், அவற்றின் முதல் பக்கத்தில் உள்ள வகுப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, சொல்லையெல்லாம் விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள். பிறகு அந்த ஆவணம் யாரை மேற்கோள் காட்டுகிறது, அதற்குப் பின்னால் வந்தவை எவை அதை மேற்கோள் காட்டுகின்றன என்று இரண்டு பக்கமும் போங்கள். பொழுது போவதே தெரியாது, ஆனால் நல்ல ஆவணங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் கையில் சிக்கும்.

கேள்வி: ஒரு ஆவணத்தைத் திறந்தால் நாற்பது பக்கம், ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது. எங்கிருந்து படிப்பது?

படத்திலிருந்து. இயந்திரம், கருவி என்றால் முதலில் வரைபடங்களைப் பாருங்கள், பொருந்தாததை அரை நிமிடத்தில் தள்ளிவிடலாம்.

முதல் பக்கத்தில் சிறிய எண்கள் இருக்கும், அவை எந்த நாட்டு ஆவணமானாலும் ஒன்றுதான், மொழி தெரியாவிட்டாலும் உதவும். 54 என்றால் தலைப்பு, 72 கண்டுபிடித்தவர், 22 தாக்கல் செய்த நாள், 51 சர்வதேச வகுப்பு, 57 சுருக்கம். வேற்று மொழி ஆவணமானால் எஸ்பாஸ்நெட்டிலும் பேட்டன்ட்ஸ்கோப்பிலும் இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கிறது, சாரத்தைப் பிடிக்க அது போதும்.

அடுத்து ஒன்றைக் கவனியுங்கள், அனுபவம் உள்ளவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். கடைசியில் வரும் உரிமைகோரல்கள், அதாவது கிளெய்ம், எந்த எல்லைவரை காப்புரிமை பெற்றவருக்குச் சொந்தம் என்பதைச் சொல்கின்றன. உங்கள் பொருள் புதிதா என்று பார்ப்பதற்கு அவற்றை மட்டும் படித்தால் போதாது, முழு விளக்கமும் வரைபடமும் கணக்கில் வரும். யாரோ ஒருவர் கிளெய்மில் சேர்க்காமல் பதினேழாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிவைத்த ஒரு வரி உங்கள் புதுமையை அழித்துவிடும். தயாரித்து விற்றால் வழக்கு வருமா என்பது தனிக் கேள்வி, அதற்குத்தான் கிளெய்மைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும்.

ஆவணத்தோடு தேடல் அறிக்கை இருந்தால் அது புதையல். அதிகாரி தான் கண்டெடுத்த பழைய ஆவணங்களுக்குப் பக்கத்தில் எழுத்துப் போட்டிருப்பார். எக்ஸ் என்றால் அந்த ஒரு ஆவணமே கிளெய்மைக் கவிழ்க்கப் போதும், ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கும்போது கவிழ்க்கும், ஏ என்றால் பின்னணி மட்டும். உங்கள் பொருளுக்கு மிக நெருக்கமான ஆவணத்தின் அறிக்கையில் உள்ள எக்ஸ், ஒய் எல்லாவற்றையும் எடுத்துப் படியுங்கள், ஒரு தொழில்முறை அதிகாரி செய்த தேடல் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த மாதிரி.

கேள்வி: என்னுடையதைப் போலவே ஒன்று கிடைத்துவிட்டது. ஆனால் அது முப்பது வருடப் பழசு, காலாவதியும் ஆகிவிட்டது. இனி நான் வாங்கலாம் அல்லவா?

அதையே வாங்க முடியாது. காப்புரிமையின் ஆயுள் பொதுவாகத் தாக்கல் நாளிலிருந்து 20 வருடம், ஆயுள் முடிந்தால் அது எல்லோருக்கும் பொது, நீங்களும் தாராளமாகச் செய்து விற்கலாம். ஆனால் ஒருமுறை வெளிவந்தது வெளிவந்ததுதான், மறுபடி புதிதாகாது.

மனம் தளர வேண்டாம். அந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு உங்களுடையது எங்கே விலகுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஊன்றுகோல் நண்பரையே சொல்வதானால், இருக்கை விரியும் என்பது பழசு, ஆனால் ஆள் உட்கார்ந்ததும் எடையாலேயே காலின் பூட்டு இறுகும் என்பது எங்கும் இல்லை என்றால் அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. அந்த ஆவணம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று வையுங்கள், அப்போதும் உங்கள் மேம்பாட்டுக்குக் காப்புரிமை கிடைக்கலாம், ஆனால் அதன் உரிமையாளர் அனுமதி இல்லாமல் அந்த நாட்டில் நீங்கள் தயாரிக்க முடியாமல் போகலாம். உயிரோடு இருக்கிறதா என்பதை அந்தந்த நாட்டுப் பதிவேட்டில் பாருங்கள்.

கேள்வி: காப்புரிமை ஆவணங்களில் மட்டும் தேடினால் போதுமா?

போதாது. இங்கிலாந்தில் 1985-இல் தீர்ப்பான ஒரு பாய்ப்பலகை வழக்கைச் சொல்கிறேன். பாய்மரம் பொருத்தி, அலைமேல் நின்றபடி ஓட்டுகிற அந்தப் பலகைக்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 1958-இல் 12 வயதுப் பையன் ஒருவன் தானே செய்த பலகையை ஒரு கடலோரத்தில் எல்லோரும் பார்க்க ஓட்டியிருக்கிறான், 1965-இல் ஓர் அறிவியல் மாத இதழில் அதுபோன்ற பலகையைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து காப்புரிமையைச் செல்லாததாக்கிவிட்டன. அதனால் ஆய்வுக் கட்டுரைகள், பழைய விற்பனைப் பட்டியல்கள், வீடியோக்கள், பட்டம் பெறுவதற்கான ஆய்வேடுகள் எல்லாவற்றையும் துழாவுங்கள். கூகுள் ஸ்காலர் இதற்கு நல்ல வாசல், மறைந்துபோன இணையப் பக்கங்களுக்கு வேபேக் மெஷின்.

கேள்வி: கண்காட்சியில் வைத்தேன், வீடியோவும் போட்டுவிட்டேன். இப்போது விண்ணப்பிக்கலாமா?

எந்த நாட்டில் என்பதைப் பொறுத்தது, நாளைத் தள்ளாமல் இன்றே கேளுங்கள். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஒரு வருட அவகாசம் உண்டு. ஜப்பானிலும் ஒரு வருடம், ஆனால் விண்ணப்பிக்கும்போதே அதைச் சொல்லிப் பின்னர் சான்றும் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய அலுவலகத்தில் அநேகமாகக் கதவு மூடிவிட்டது, அங்கே உள்ள ஆறு மாத விலக்கு, ஒருவர் உங்களுக்குத் துரோகம் செய்து வெளியிட்டது போன்ற மிகச் சில சூழ்நிலைகளுக்குத்தான்.

வெளியீடு என்றால் பெரிய மேடை வேண்டியதில்லை. ஒருவர் உடைக்குள் வைக்கும் இறுக்குக் கம்பிகளைச் செய்து 1855-இல் தன் தோழிக்குக் கொடுத்தார், அவர் அதை உள்ளாடைக்குள் வைத்து அணிந்தார், வெளியே ஒருவருக்கும் தெரியாது. 11 வருடம் கழித்து விண்ணப்பித்து வாங்கிய காப்புரிமையை, ரகசியம் காக்கச் சொல்லாமல் கொடுத்ததே பொதுப் பயன்பாடுதான் என்று சொல்லி 1881-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பொருளை யாரிடம் காட்டினாலும் முதலில் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: வரைபடத்தை எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இது சாட்சி ஆகுமா?

ஆகாது. முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை என்பதுதான் இன்று உலக வழக்கம், கடைசியாக அமெரிக்காவும் 2013 மார்ச்சில் அதற்கு மாறிவிட்டது. அந்த நேரத்தில் விண்ணப்பத்தை எழுதுங்கள்.

கேள்வி: உலகக் காப்புரிமை வாங்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் பெரிய தொகை கேட்கிறது. நம்பலாமா?

வேண்டாம். உலகம் முழுவதற்கும் ஒரே காப்புரிமை என்று எதுவும் கிடையாது. ஒரு நாட்டில் விண்ணப்பித்த 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்து அந்த முதல் தாக்கல் தேதியையே கோரலாம், அல்லது பிசிடி என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் வழியில் ஒரே விண்ணப்பம் போட்டு, முதல் தாக்கல் தேதியிலிருந்து பெரும்பாலான நாடுகளில் 30 மாதம் வரை முடிவைத் தள்ளிப்போடலாம். அதற்குப் பிறகு நாடு நாடாகத்தான் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே "உலகக் காப்புரிமை" என்று விற்பவர்களிடம் உங்கள் யோசனையைச் சொல்லவே சொல்லாதீர்கள். ஒரு சோதனை: உங்களிடம் வந்தவர்களில் எத்தனை பேருடைய யோசனை நன்றாக இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். எல்லா யோசனையும் அருமை என்பவர்கள் தேடியே பார்க்கவில்லை.

பணம் இல்லாதவர்களுக்கு உண்மையான உதவி இருக்கிறது. வைப்போ 2009-இல் தொடங்கிய டிஸ்க் என்ற தொழில்நுட்ப உதவி மையங்கள் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கின்றன, பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் காப்புரிமை அலுவலகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும், தேடச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. சில நாடுகளில் வைப்போவின் கண்டுபிடிப்பாளர் உதவித் திட்டம் வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லா வழக்கறிஞரை இணைத்துவிடுகிறது. உங்கள் நாட்டு அலுவலகத்தின் தளத்தில் கட்டணச் சலுகைப் பக்கத்தையும் பாருங்கள், தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பல இடங்களில் குறைப்பு உண்டு.

கேள்வி: ஏஐ சாட்பாட்டிடம் விவரித்துத் தேடச் சொல்லலாமா?

மாற்றுச் சொற்களைக் கேட்க, வகுப்பு எண்ணை ஊகிக்க, சரி. அது தரும் ஆவண எண்ணை எஸ்பாஸ்நெட்டில் திறந்து பார்க்காமல் நம்ப வேண்டாம், இல்லாத எண்ணையும் அது சொல்லும். உங்கள் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்ற உள் ரகசியத்தை அதில் தட்டச்சு செய்யாதீர்கள். பொதுவாகக் கேளுங்கள்.

கேள்வி: எல்லா இடத்திலும் தேடிவிட்டேன், எதுவும் இல்லை. இப்போது உறுதிதானே?

விண்ணப்பங்கள் பொதுவாக முதல் தாக்கல் தேதியிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் வெளியாகின்றன. போன மாதம் ஒருவர் இதையே தாக்கல் செய்திருந்தால் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாது. அந்த இடைவெளியை எந்தப் பணத்தாலும் மூட முடியாது, என்னாலும் முடியாது. அதனால் தேடலை ஒரு தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள், என்ன சொல், எந்த வகுப்பு, எந்தத் தளம் என்று எல்லாம் எழுதி. முதல் விண்ணப்பத்தைப் போட்ட பிறகு பதினோராம் மாதம், வெளிநாடுகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், அதே பட்டியலை வைத்து அந்தத் தேதிக்குப் பின் வெளியானவற்றை மட்டும் மறுபடி தேடுங்கள். ஒரு மாலை நேரத்து வேலைதான்.