அணைத்தாலும் திரும்ப எரியும் விளக்கு

கேள்வி: அண்ணே, என்னிடம் 2007இல் பதிவான டொயோட்டா கரோலா ஆல்டிஸ் 1.6 இருக்கிறது. அப்பா ஓட்டிய கார். 2017இல் அவரே பத்து ஆண்டுக்கு சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமம்) புதுப்பித்தார். ஆறு மாதமாக எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் வரும் கோளாறுக் குறியீடு (கோடு) பி0171. ஒரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சார் மாற்றினார்கள், நாலாம் நாள் விளக்கு வந்துவிட்டது. இன்னொரு பட்டறையில் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் மாற்றினார்கள், அது ஒரு வாரம் தாங்கியது. இப்போது பெட்ரோல் பம்ப் என்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நடுங்குகிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. சின்ன ஸ்கேனர் வாங்கி நானே பார்த்தேன்: ஐட்லிங்கில் (மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு, +22; நிமிடத்துக்கு 2500 சுற்றில் +5. பேசாமல் ஸ்கிராப் போட்டுவிடலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: தங்கச்சி, பம்புக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டு எண்களிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதே இல்லை. ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக்சிஜன் சென்சார் புகைபோக்கியில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்லும், கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டும். +22 என்றால் 22 விழுக்காடு கூட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்ன சாட்சியைத்தான் முதல் பட்டறையில் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

பம்ப் தளர்ந்திருந்தால் எஞ்சின் நிறையப் பெட்ரோல் கேட்கும் நேரத்தில், விரைவுச்சாலையில் அழுத்தி மிதிக்கும்போது, அந்த எண் ஏற வேண்டும். உங்களுக்கு 2500 சுற்றில் இறங்குகிறது. அப்படியென்றால் ஏர்ஃப்ளோ சென்சாரின் கண்ணில் படாமல், அதைத் தாண்டி எங்கோ காற்று நுழைகிறது. ஐட்லிங்கில் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே உறிஞ்சும் விசை அதிகம், எஞ்சினுக்குப் போகும் மொத்தக் காற்றோ கொஞ்சம். அப்போது சின்ன ஓட்டையும் பெரிய பங்காகத் தெரியும். சுற்று ஏறினால் மொத்தக் காற்று பெருகி, அந்த ஓட்டை கணக்கில் சிறுத்துவிடும்.

காலை நடுக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் மேல்தான்; காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி எஞ்சினோடு சேரும் இடத்தை அடைக்கும் ரப்பர் அது. வருடக்கணக்கான சூட்டில் அந்த ரப்பர் இறுகிப்போகும். எஞ்சின் ஆறியிருக்கும்போது இடைவெளி விடும், சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பட்டறைக்காரர் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஈசூனிலிருந்து பட்டறைகள் இருக்கும் சின் மிங் போய்ச் சேர்வதற்குள் ஓட்டை மூடிவிடுமே! காரை முதல்நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இன்டேக்குக்குள் புகை விட்டால் கசியும் இடத்தில் வெளியே வரும். பிசிவி குழாயையும் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்), பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரின் குழாயையும் விரலால் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடம் முன்பு ஓர் ஆசிரியரின் காருக்கு இதே கோடு. நான் ஏர்ஃப்ளோ சென்சார் மாற்றிக் கொடுத்தேன். பத்தே நாளில் திரும்பி வந்தார். பிசிவி குழாயின் அடிப்பக்கம் விரிசல்; கையால் வளைத்த பிறகுதான் வாய் திறந்து காட்டியது. சென்சார் பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஓட்டையைத் தேடாமல் நான் ஒரு பாகமும் வாங்கியதில்லை.

நாலு நாள், ஒரு வாரம் என்று விளக்கு அணைந்திருந்ததைக் குணமானதாக எண்ண வேண்டாம். ஸ்கேனரால் அந்தக் குறியீட்டை அழிக்கும்போது கணினி கற்றுவைத்திருந்த டிரிம் கணக்கும் சேர்ந்து அழிகிறது. அது மறுபடி கற்க வேண்டும், பிறகு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே கோளாறைப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் விளக்கைப் போடும். அதனால் வேலை முடிந்த பிறகும் விளக்கைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியும் ஐட்லிங்கில் ஐந்துக்குள் நின்றால் சரியாகிவிட்டது.

ஸ்கிராப்பா? 14 ஆண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல், ஆண்டுதோறும் பரிசோதனை, இதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பதுதான். கேஸ்கெட் விலையோ நீங்கள் வாங்கிய சென்சார்களின் பக்கத்தில்கூட வராது. சிஓஇ 2027 வரை இருக்கிறது. அப்பாவின் காரை ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: என் காரில் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்குகிறது. ஓட்டலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஓட்டாதீர்கள், தம்பி. மினுக்கினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கருக்கிவிடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.